காணாமல் போன கடல் ஈ

வேலை வெட்டி இல்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் மூன்று குளிர்காலம் ஈ கட்டினோம். கட்டினோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி. கட்டியது சித்தி. பக்கத்தில் உட்கார்ந்து கோழி இறகுகளை நிறவாரியாகப் பிரித்து வைத்தது மட்டும்தான் நான்.

ஈ என்றால் மீன் பிடிக்கிற ஈ. எங்கேயோ வெளிநாட்டில், இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு ட்ரவுட் என்று ஒரு மீனைப் பிடிப்பவர்கள் தூண்டிலில் புழு வைக்கமாட்டார்களாம். முள்ளின் மேலேயே இறகும் நூலும் சுற்றி, பூச்சி மாதிரி செய்து மீனை ஏமாற்றுவார்களாம். பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் இதைச் சொன்னபோது அம்மா சித்தியைப் பார்த்தாள், சித்தி அம்மாவைப் பார்த்தாள். அவர் தெருமுனை தாண்டும்வரை இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே பனி கொட்டி ஆறு உறைந்து கிடக்கும் மாதங்களில்தான் அடுத்த பருவத்துக்கான ஈக்களைச் சேர்த்து வைப்பார்களாம். அதனால் மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு வேலை வந்துவிடும். நூலில் பழகிய கை வேண்டும் என்று தேடித்தான் அவர் தறி ஓடும் எங்கள் ஊரான நகரிக்கு வந்திருந்தார். நகரியில் நூல் தொடாத கையைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சித்தி காளஹஸ்திப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ் வீடுதான் என்றாலும் கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்கு முதலில் தெலுங்குதான் வரும். சித்தப்பா திருப்பூரில் வேலையில் இருந்தார், பண்டிகைக்கு வருவார். சித்தியும் அவளுடைய ஒன்றரை வயதுப் பையனும் எங்களோடு இருந்தார்கள். அவனை நான் தம்பி என்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் கிளாஸ்.

காலை வெயில் விழும் ஜன்னலோரம் சித்தி உட்காருவாள். மேசையில் பொருத்திய சின்ன இரும்புக் கவ்வியில் முள்ளை மாட்டுவாள். ஆற்று ஈ என்றால், மிளகளவு பித்தளை மணி ஒன்றை முதலில் முள்ளில் கோத்து நுனிக்குத் தள்ளுவாள். அதுதான் தலை. தண்ணீரில் அமிழ்வதற்கான பாரமும் அதுதான். வாலுக்கு நாலு இழை இறகு. முயல் மயிரை நூலோடு சேர்த்து விரலால் திரித்து உடம்புக்கு ஒரு சுற்று. அதன்மேல் செம்புக் கம்பி. ஒரு முடிச்சு, கத்தரி, முடிந்தது. போன்ஃபிஷ் என்ற மீனுக்கான கடல் ஈ வேறு ஜாதி. உண்மையில் அது ஈயே இல்லை, இறால். பெரிய முள், இரண்டு வெள்ளிக் குண்டுக் கண்கள், ரோஸ் நிற மயிர், நடுவே ஜிகினா இழை. அந்த வருஷம்தான் முதல்முறையாகக் கடல் ஈ கேட்டிருந்தார்கள். மாதிரிக்கு ஒரு டஜன் கட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். சித்தி அவற்றை ஒரு தெர்மாக்கோல் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை தொட்டதில்லை.

தம்பிக்கு அந்த மார்கழியில் இருமல். நாலு விசைத்தறி ஓடும் வீட்டில் ஒரு குழந்தையின் இருமல் காதில் விழ வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும். கரண்ட் போன மத்தியானங்களில், எல்லாத் தறியும் சட்டென்று நின்றுவிட்ட அமைதியில், அவன் மூச்சு கேட்கும். மூச்சை விடும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில். சித்தி முள்ளை அப்படியே கவ்வியில் விட்டுவிட்டு வந்து அவன் நெஞ்சில் காதை வைப்பாள். எங்கள் ஊர் டாக்டர் ஒரு சிரப் கொடுத்தார். அது தீர்ந்ததும் வேறு நிறத்தில் இன்னொரு சிரப் கொடுத்தார்.

“அக்கா, புள்ளய திருப்பதிக்கு எத்துக்கினு போயி காட்டலாமா?” என்று சித்தி அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா அதை நைனாவிடம், என் அப்பாவிடம், கொண்டுபோனாள். நைனா அறுந்த இழையை முடிந்துகொண்டே, “மார்கழில எந்தப் புள்ளைக்கு சளி இல்ல? பனி போனா பூடும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எனக்கு வந்த சளிகளுக்கும் அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து சித்தி மறுபடி கேட்டாள். இந்த முறை அம்மா நைனாவரைக்கும் போகவில்லை. “திருப்பதிக்கு போனா அப்பிடியே காளஹஸ்திக்கும் ஒரு எட்டு போயிட்டு வர்லாம். அதான?” என்று சிரித்தபடி கேட்டாள். சித்தி சிரிக்கவில்லை. திருப்பூருக்குப் போன் போட்டாள். அண்ணன் சொல்கிறபடி கேள் என்று சித்தப்பா வைத்துவிட்டார். இதெல்லாம் என் காதில் விழத்தான் செய்தது. பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேறு கவலை இருந்தது. என் வகுப்பில் ஒருத்தி திருமலையிலிருந்து வாங்கி வந்த கல் வைத்த கிளிப்பைத் தலையில் குத்திக்கொண்டு ஒரு வாரமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலை அம்மா எனக்கு ரெட்டை ஜடை மடித்துக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போனதும், நான் தெர்மாக்கோல் அட்டையிலிருந்து ஒரு கடல் ஈயை உருவி, வலது ஜடை ரிப்பன் பூவுக்குள் செருகிக்கொண்டேன். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டு சாயந்திரம் பழைய இடத்திலேயே குத்திவிடுவதாகத் திட்டம். தூண்டில் முள்ளுக்கு உள்ளே போகத்தான் தெரியும், வெளியே வரத் தெரியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் செருப்பை மாட்டும் நேரத்தில் கம்பெனிக்காரர் போன் செய்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டாராம். மாதிரியை இப்போதே எடுத்துக்கொள்கிறாராம். சித்தி அட்டையை எடுத்தாள். நின்றாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

“அக்கா, ஒண்ணு கொறியிது.”

அம்மா வந்தாள். பாயை உதறினார்கள், இறகுப் பொட்டலங்களைக் கொட்டினார்கள். மேசைக் காலருகே உட்கார்ந்திருந்த தம்பி அப்போது பார்த்து இருமினான். முகம் சிவக்க, கண்ணில் நீர் வர இருமினான். அம்மா அவனைத் தூக்கினாள். அவன் கீழ் உதட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. அந்தத் தரை முழுக்க அப்படிப்பட்ட மயிர்தான். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தோன்றும்?

“ஐயோ, இவன் வாயில பாருடி!”

சித்தி அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஏ, நீ இங்கதான இருந்த? தம்பி வாயில போட்டத பாத்தியா?”

நீ எடுத்தாயா என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்குமோ என்னவோ. பார்த்தாயா என்றுதான் கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அந்த ஒரு ஆட்டலில் வீடு தலைகீழானது. அம்மா அலறினாள். நைனா ஓடிவந்து விஷயத்தைக் கேட்டார். திரும்பி ஓடி நாலு தறியையும் வரிசையாக நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது நைனா தன் கையால் தறியை நிறுத்தி நான் அன்றுதான் பார்த்தேன். கால் மணி நேரத்தில் எங்கள் ஊர் டாக்டர் முன்னால் நின்றோம். முள் என்று கேட்டதும் அவர் குழந்தையைத் தொடவே இல்லை. “நேரா திருப்பதிக்குப் போயிடுங்க” என்றார். எதிர்வீட்டுக்காரர் கார் எடுத்தார். தம்பி என் இடுப்பில் இருந்தால்தான் அழமாட்டான் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பின் சீட்டில் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி, நடுவில் நான், என் மடியில் தம்பி.

“வாழப்பழம் குடுங்கம்மா. முள்ள சுத்திக்கினு அப்பிடியே எறங்கிடும்” என்றார் காரை ஓட்டியவர். புத்தூரில் நிறுத்தி அவரே இரண்டு பழம் வாங்கி வந்தார். அம்மா தோலை உரித்தாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒத்து அக்கா. வாணாம். டாக்டர் பாக்கற வரிக்கும் ஒண்ணும் குடுக்க வாணாம்.”

“உனுக்கு இன்னா தெரியும்? துன்னட்டும், குடு!”

“வாணாம் அக்கா.”

சித்தி அம்மாவின் பேச்சை மறுத்து அதுவரை நான் கேட்டதில்லை. நைனா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, “உட்று” என்றார். அம்மா உரித்த பழத்தைச் சீட்டிலேயே போட்டாள். வடமாலப்பேட்டைப் பக்கம் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பக்கத்து வேனில் லட்டு பிட்டுத் தின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தலையைத் திருப்பினேன். முள் காதுக்குப் பின்னால் குத்தியது. கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் குத்தியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்த சமயத்தில் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடப் பார்த்தேன். ரிப்பனிலும் முடியிலும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது, வரவில்லை. தம்பி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அந்த விசிலை ஊதிக்கொண்டு, பொய்யின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நைனா அவனை வாங்கிக்கொண்டு ஓடினார். தறிக்கும் வீட்டுக்கும் நடுவே நிதானமாக நடக்கிற நைனா, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினார். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். சீட்டுப் போட நைனாவும் அம்மாவும் கவுண்டருக்குப் போனார்கள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தியும் நானும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன ஒருவர் விசாரித்துவிட்டு, “உள்ள மாட்டிகினு இருந்தா கீறிதாம்மா எடுக்கணும்” என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

கீறி. தம்பியின் வயிறு எனக்குத் தெரியும். தினமும் நான் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் வயிறு.

“சித்தி” என்றேன். வலது ஜடையைப் பிடித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

சித்தி ரிப்பன் பூவை விரித்துப் பார்த்தாள். அதற்குள் இரண்டு வெள்ளிக் கண்கள். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தி என்னைப் பார்க்கவே இல்லை, கவுண்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவும் அம்மாவும் இன்னும் வரிசையில்தான் இருந்தார்கள். அவள் ஒரு கையால் என் ரிப்பனை அவிழ்த்து, முடியோடு சேர்த்துப் பிய்த்து, ஈயோடு சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. எக்ஸ்ரே ரூமுக்குள்ள போயி வர வரிக்கும் வாய தொறக்காத. நைனாகிட்டயும் சொல்லாத, அம்மாகிட்டயும் சொல்லாத.”

என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடியில் கை மரத்துப்போனது. அம்மா வந்ததும், “ரிப்பன் எங்கடி?” என்று கேட்டாள். “கார்ல உய்ந்துச்சு போல அக்கா” என்று சித்தி சொன்னாள். பிறகு எழுந்து எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற நர்ஸிடம் போய் ஓவென்று அழுதாள். “முள்ளு மிங்கேசாடம்மா, பாபு முள்ளு மிங்கேசாடு” என்று கதறினாள். முள்ளை விழுங்கிவிட்டான் என்று. இடுப்பில் அந்த முள்ளை வைத்துக்கொண்டு. நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லையோ என்றுகூட நினைத்தேன். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரை ஒதுக்கிவிட்டுத் தம்பியை உள்ளே வாங்கினார்கள். கதவு மூடும்போது சித்தி உள்ளே எட்டிச் சொன்னது கேட்டது: “வயித்த மட்டும் இல்ல சார், நெஞ்சும் சேத்து எடுங்க. நெஞ்சுல நின்னுனு இருந்தா?”

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்.

“முள்ளு இல்ல” என்றார். “வயித்துல ஒண்ணும் இல்ல. தொண்டைலயும் இல்ல.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து கோவிந்தா கோவிந்தா என்றாள். எனக்கும் உயிர் வந்தது. சித்தி மட்டும் அசையவில்லை.

“ஆனா இது இன்னா?” என்று டாக்டரம்மா படத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். விலா எலும்புகளுக்கு நடுவே, வலப்பக்கம், வெள்ளையாக ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. “மூச்சுக் குழாயில மணி மாதிரி ஏதோ இருக்கு. ஓட்ட போட்ட மணி. அந்த ஓட்ட வழியா காத்து போயி வந்துனு இருக்குது. அதான் பையன் இப்பிடி நிக்கறான். எத்தன நாளா இருமல்?”

“பதினோரு நாளா” என்றாள் சித்தி. எண்ணி வைத்திருந்தவள் மாதிரி உடனே சொன்னாள்.

“பதினோரு நாளா இன்னா பண்ணீங்க?”

நைனா தரையைப் பார்த்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள். நான் சொன்னேனே என்று சித்தி சொல்வாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தது இப்போது நினைத்தால் தெரிகிறது. அவள் சொல்லவில்லை. “இப்ப இன்னா செய்யணும்?” என்று கேட்டாள்.

மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். விடியற்காலை பால், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றதும், “நல்லதாப் போச்சு” என்றார். காரில் கறுத்துப்போய்க் கிடந்த வாழைப்பழத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் முழுக்கச் சீழ் கட்டியிருக்கும், முள் என்று பயந்து ஓடிவந்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றும் சொன்னார்.

மத்தியானம் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். சித்தி கதவருகே சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. நைனா ஆஸ்பத்திரி வாசலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒருமுறை சித்தியின் அருகில் வந்து நின்று, “ஏம்மா…” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் திரும்பிப் போனார். அம்மா ஒற்றை ஜடை அவிழ்ந்த என் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை என் மேல் இருக்க இருக்க எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே முடியும்வரை என்றுதான் சித்தி சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

நாலு மணி வாக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அந்தப் பித்தளை மணியைக் கொண்டுவந்து காட்டினார்கள். நைனா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மறுநாள் தம்பி இரண்டு இட்லி தின்றான். விசில் நின்றிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு சித்தி அந்தக் கடல் ஈயைத் தறிக்கடியில் கிடைத்தது என்று எடுத்துக் கொடுத்தாள். அப்படியானால் நான் பார்த்தது என்ன என்ற கேள்வி எழுந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமலே பெரியவர்கள் அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பார்த்தது மணியைத்தானாம். எந்த நாள் பார்த்தது என்பதில் குழந்தைக்குக் குழம்பிவிட்டது. பார்த்ததைச் சொன்னாளே, அது போதாதா? வந்துபோன உறவுக்காரர்கள் எல்லாம் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நைனா கல் வைத்த கிளிப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை நான் ஒருநாள்கூடக் குத்திக்கொள்ளவில்லை. அம்மா கேட்டால் தலை வலிக்கிறது என்பேன்.

சித்தி அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அவள் அத்தனை பொய் சொன்னாள் என்று நான் நம்பினேன். அந்த நன்றியில் வருஷக்கணக்காக அவள் சொன்ன வேலையெல்லாம் செய்தேன். அடுத்த மார்கழியில் வேலை வந்தபோது மணிகளுக்கு மூடி போட்ட டப்பா வந்தது, ஜன்னலோரத்துக்கு ஒரு தடுப்பு வந்தது. தம்பி தும்மினால்கூட நைனா தறியை விட்டு எழுந்து வந்து சித்தியிடம், “இன்னாம்மா, போலாமா?” என்று கேட்பார். அதுவும் எனக்கு வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

பிறகு நான் சித்தூரில் வாழ்க்கைப்பட்டேன். என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சொன்னேன், பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் நாள் சொன்னேன், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் உடம்பு துவண்டு கிடந்தது. தெர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நூற்றொன்று. கூடத்தில் மாமியாரும் கணவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தெர்மாமீட்டரை உதறிவிட்டு வெளியே வந்து, “நூத்தி நாலு” என்றேன்.

கணவர் அந்த நிமிஷமே சட்டையை மாட்டினார். மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தார். டைபாய்டு என்றார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அன்று ஆட்டோவில் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது என் மனம் ஆறவே இல்லை. பொய் சொல்லிவிட்டோமே என்று அல்ல. மூன்று நாளாகச் சொன்ன உண்மைக்கு அந்த வீட்டில் ஒருவர்கூடச் செருப்பை மாட்டவில்லையே என்று.

ஆஸ்பத்திரி நடையில் சித்தி ஏன் என் முகத்தைப் பார்க்காமல் கவுண்டர் பக்கம் பார்த்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், தப்பு செய்தவர்கள்தான் பொய் சொல்வார்கள் என்பது மட்டும்தான்.